தள்ளி நில்லு அண்ணனின் நாற்காலி

எங்கள் மியூசியத்தில் மாடிக்குப் போகத்தான் டிக்கெட். கீழே இருக்கும் சிற்பக்கூடத்துக்கு யாரும் வரலாம், எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு கதவு பெரிய சாலையைப் பார்த்தது, இன்னொன்று பின்னால் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தது. காலையில் திறந்தால் மாலை வரை இரண்டும் திறந்தே கிடக்கும். அதனால் கலையைப் பார்க்க வருகிறவர்களைவிட வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிறவர்களும், வீட்டில் பேச முடியாத சண்டையைப் பேசித் தீர்க்க வருகிற ஜோடிகளும்தான் அதிகம். ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் தனி. பெரிய சாலைக் கதவுக்குப் பக்கத்தில் பைகளை வாங்கிவைத்து டோக்கன் கொடுக்கும் மேசை என்னுடையது. அங்கிருந்து கூடம் முழுக்கத் தெரியும். பார்ப்பதைத் தவிர எனக்கும் பெரிய வேலை கிடையாது, பார்த்ததைச் சொல்லாமல் இருக்கிற வழக்கமும் கிடையாது.

கூடத்துக்குக் காவல் ஒரே ஆள். அவரைத் தள்ளி நில்லு அண்ணன் என்போம். நாளெல்லாம் அவர் வாயில் வருவது ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்பதுதான். அது அதட்டலாக வராது. குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல, காதோடு வரும். சிற்பத்தில் கை வைக்கப் போனவர்களே சங்கடப்பட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்வார்கள்.

சிற்பங்களுக்குப் பக்கத்தில் பலகையில் தலைப்புகள் இருக்கின்றன. ஒன்றும் வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. தலையில்லாமல் வேகமாக நடக்கும் வெண்கல ஆள், அவசரக்காரர். தலையை எடுத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கிளம்பிவிட்டார். ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு வளையத்துக்கு மாமியார் வளையல் என்று பெயர். நடுவில் துளை போட்ட கருங்கல், காது. தரை துடைக்க வரும் அக்கா தன் வீட்டுக் குறைகளையெல்லாம் அதனிடம்தான் சொல்வார். திருப்பிப் பேசாத காது கிடைப்பது அபூர்வம் என்பார்.

அண்ணன் இங்கே வருவதற்கு முன் ஒரு கிடங்கில் காவல் இருந்தவர். யாரையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் அங்கே வேலை. உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன். “பூட்டு இருந்துச்சும்மா. அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். யாராவது வந்தால் விரட்ட வேண்டும், யாரும் வராவிட்டால் அது நல்ல நாள். பாதி வாழ்க்கை அப்படிப் போயிருக்கிறது. கிடங்கை மூடியதும் இங்கே சேர்ந்தார். வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று முதல் நாளே விசாரித்தாராம். ஒன்றும் கேட்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்களாம். அதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் தினமும் யாரிடமாவது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

வாசலில் தயங்குகிறவர்களை அவர் காலை வைத்தே கண்டுபிடிப்பார். ஒரு கால் படியில் இருக்கும், மற்றது தெருவில் இருக்கும். கண்கள் சுவரில் கட்டணப் பலகையைத் தேடும். தன் செருப்பு இந்தத் தரைக்கு ஏற்றதுதானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கால் பின்வாங்குவதற்குள் அண்ணன் எழுந்து நாலடி முன்னால் வந்து, “வாங்க, டிக்கெட் இல்ல. சும்மா வாங்க” என்பார். சொல்லிவிட்டு உடனே திரும்பி நடந்துவிடுவார். பார்த்துக்கொண்டே நின்றால் அவர்களுக்குக் கூச்சம் விடாது என்பது அவர் எண்ணம். காய்கறிக் கூடையோடு வந்தவர்கள், சுண்ணாம்புக் கறையோடு வந்த பெயிண்டர்கள், பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு வந்த பெண்பிள்ளைகள் என்று இப்படி அவர் கூப்பிட்டு உள்ளே வந்தவர்களுக்கு அளவில்லை. அவர்கள் பையெல்லாம் என் மேசையில்தான் இருக்கும். ஒருமுறை அதில் ஒரு கோழியும் இருந்தது.

அண்ணனுக்கு முழங்கால் தேய்ந்தது சில வருஷங்களுக்கு முன்பு. நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போதிருந்த மேனேஜர் தட்டுமுட்டு அறையிலிருந்து கைவைத்த மர நாற்காலி ஒன்றைத் தேடித் தந்தார். அதற்கு ஒரு கால் குட்டை. அண்ணன் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து, காதுக்கும் மாமியார் வளையலுக்கும் நடுவில், சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். இரண்டு வாசலும் தெரிகிற இடம் அது ஒன்றுதான். மெத்தை அவர் மனைவி தைத்தது. கிடங்கில் போட்ட பழைய நீலச் சீருடையை வெட்டி, பஞ்சு அடைத்து, முன்விளிம்பை மட்டும் மேடாக்கி, தொடைக்குத் தாங்கல் கிடைத்து முழங்கால் லேசாகத் தொங்குகிற மாதிரி தைத்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் இரண்டு அப்படியே இருந்தன.

நான் அதுவரை அந்த அண்ணியைப் பார்த்ததில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவர் என்று மட்டும் தெரியும்.

வம்பு அந்த நாற்காலியால்தான் வந்தது. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போன நேரத்தில், காலி நாற்காலியையும் சிற்பம் என்று நினைத்துச் சிலர் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் கூடத்தில் வளைந்த கம்பிக்கும் கிழிந்த துணிக்கும் மரியாதை இருக்கிறபோது, ஒரு கால் குட்டையான நாற்காலிக்கு இருக்கக் கூடாதா? அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். குனிந்து அட்டையைப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள். என் மேசைக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன் செய்த தப்பு ஒன்றுதான். அது தன்னுடைய நாற்காலி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பார்த்துக்கொண்டிருப்பவர் முகம் சுண்டிப்போகுமே என்று விட்டுவிட்டார். போதாக்குறைக்கு, பழக்கதோஷம், பக்கத்தில் போய் “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று வேறு சொல்லிவிடுவார். அப்புறம் அவர்கள் போகிற வரை தானும் நிற்பார்.

ஒரு மதியம் பருத்திப் புடவை கட்டிய வயதான அம்மாள் ஒருவர் வந்தார். மற்றதையெல்லாம் கடகடவென்று பார்த்துவிட்டு நாற்காலியிடம் வந்து நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். அண்ணன் காலை மாற்றி மாற்றி நிற்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் அந்த அம்மாள் அவரிடம் திரும்பினார்.

“நீங்க இதைத் தினமும் பாக்கறீங்க. பாக்கறப்போ என்ன தோணும்?”

“உக்காரணும்னு தோணுங்க” என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் தலையை மெதுவாக ஆட்டினார். பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அவர் பத்திரிகையில் கலை விமரிசனம் எழுதுகிறவர் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. கூடத்திலேயே மனத்தைத் தொட்டது ஒரு காலி நாற்காலிதான் என்றும், எழுந்து போனவரின் உடல் இன்னும் அந்த மெத்தையில் தங்கியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். ஒரு காவலர் ஒரே வார்த்தையில் சொன்ன விமரிசனத்தைத் தன்னால் மிஞ்ச முடியாது என்றும் இருந்தது. நான் அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேனோ?” என்றார்.

மாட்டிக்கொண்டுதான் இருந்தார். இப்போதைய மேனேஜர் வயதில் சின்னவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். சட்டையில் மடிப்புக் கலையாது, மனதிலும் கள்ளம் கிடையாது, ஆனால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் முகம் வெளுத்துவிடும். அன்று வெளுத்த முகத்தோடு வந்தார்.

“ஐயா, ஜனங்க குழம்பறாங்க. எது சிற்பம், எது நம்ம சாமான்னு தெரியலை. கூடத்துல இனிமே நாற்காலி வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

“சரிங்க.”

“உங்க கால் விஷயம் எனக்குத் தெரியும். இந்தக் கூடத்துக்கு அடியில இருக்கற கேமரா அறையில இடம் இருக்கு. நல்ல நாற்காலி, சுத்தற நாற்காலி. மாசக் கடைசிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. நிக்க முடிஞ்சா இங்கயே இருங்க, முடியலைன்னா அங்க போயிடுங்க.”

நாற்காலி தட்டுமுட்டு அறைக்குத் திரும்பிப் போனது. கேமரா அறைக்கு ஜன்னல் கிடையாது. கூடம் அங்கேயும் தெரியும்தான், சின்னச் சின்னக் கட்டமாக, சத்தமில்லாமல். வாசலில் தயங்குகிற காலும் தெரியும். அதனிடம் வாங்க என்று சொல்ல மட்டும் முடியாது. அண்ணன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “கிடங்கு மாதிரி இருக்கும்மா” என்றார்.

அதனால் நின்றார். காலையில் பரவாயில்லாமல் இருப்பார். மதியத்துக்கு மேல் காதின் பீடத்தில் கையை ஊன்றப் போய், நினைவு வந்து எடுத்துக்கொள்வார். ஊரைத் தள்ளி நிற்கச் சொல்கிறவர் தானே சாய முடியுமா? சாயங்காலம் பேருந்தில் ஏறக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதை நான் பார்த்தேன்.

“அண்ணிகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“என்னன்னு சொல்றது? அவளும் காலைலேருந்து நின்னுக்கிட்டேதான் தேய்க்கறா. அவகிட்டப் போயி எனக்குக் கால் வலிக்குதுன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்ல?”

இதற்கிடையில் பத்திரிகை தன் வேலையைக் காட்டியது. நாற்காலியைத் தேடி ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பையைக் கொடுக்கும்போதே “அந்த நாற்காலி எந்தப் பக்கம்?” என்பார்கள். இல்லை என்றால் என்னவோ நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்கள். மேலிடத்துக்குப் புகார் போனது. மேலிடம் யோசித்தது. யோசித்து எடுத்த முடிவைத் தம்பி வந்து செய்து முடித்தபோது அவருக்கே தலை நிமிரவில்லை. நாற்காலி பழைய இடத்துக்கே வந்தது. மெத்தை தூசு தட்டப்பட்டு, குட்டைக் காலுக்கு அதே அட்டை வைக்கப்பட்டது. சுற்றிலும் நாலு கம்பம் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள்.

‘நாற்காலி. மரம், துணி, அட்டை. செய்தவர் தெரியவில்லை.’

அதற்கும் காவல் அண்ணன்தான். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அதில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இடது காலைத் தூக்கி வைத்து நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“மேலிடத்துல போய்ச் சொல்லுங்க, அது உங்களுதுன்னு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்.”

“என்னுது எங்கம்மா? மியூசியம் குடுத்த நாற்காலி. மெத்தை மட்டுந்தான் நம்ம வீட்டுது. அதுக்குப் போயி சண்டை போடறதா? நாளைக்குத் தம்பிகிட்ட, கீழயே போயிடறேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை முழுக்க நானும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. தம்பி ஏதோ கூட்டத்தில் இருந்தார், மதியம் வருவார் என்றார்கள்.

மதியம் பேருந்து நிறுத்தக் கதவில் ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது. ஒன்று படியில், ஒன்று தெருவில். அண்ணன் குனிந்து தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பட்டது கால் மட்டும்தான். நிமிராமலே, “வாங்க, டிக்கெட் இல்ல. சும்மா வாங்க” என்றார்.

கால் நகரவில்லை.

“எல்லாரும் வரலாங்க” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் இருந்தது அவர் மனைவி. கையில் முழங்காலுக்குப் போடுகிற உறை இருந்தது. காலையில் அண்ணன் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

“எல்லாரும்னா, நானுமா?” என்றார் அண்ணி.

“ஏன், உனக்கென்ன?”

“இல்ல, இத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறீங்க. ஊருல போறவங்க வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டேன்னு வந்து கதை சொல்றீங்க. என்னை ஒருநாள் வான்னு சொல்லலை. குடும்பத்து ஆளுங்க வரக் கூடாதுபோலன்னு இருந்துட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணனுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை, அதை எப்படிச் சொல்வது? “வா” என்றார்.

அண்ணி உள்ளே வந்தார். அவசரக்காரரைப் பார்த்து, “தலை என்னாச்சு இவருக்கு?” என்று கேட்டார். மாமியார் வளையலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தாண்டியதும் நின்றார்.

“இது நம்ம மெத்தையில்ல?”

அண்ணி பலகையைப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவர். மரம், துணி, அட்டை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வரியில் இரண்டு முறை நின்றார். பிறகு கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி மெத்தையின் முன்விளிம்பைத் தொட்டார். பஞ்சு தட்டையாகிவிட்டதா என்று அமுக்கிப் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லு” என்றார் அண்ணன். தானாக வந்துவிட்டது. சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணி திரும்பி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். காலில் வந்து நின்றது பார்வை. இடது முழங்கால் கால்சட்டைக்குள்ளேயே வீங்கித் தெரிந்தது.

“எத்தனை நாளா நிக்கறீங்க?”

நான் மேசையை விட்டு எழுந்து போய், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் என்னை முறைத்தார். முறைக்கட்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பியும் கூட்டம் முடிந்து வந்து சேர்ந்தார். கயிற்றுக்கு மேல் ஒரு பெண்ணின் கை இருப்பதைப் பார்த்து ஓடிவந்தவர், யார் என்று தெரிந்ததும் மெதுவாகிவிட்டார்.

“இந்த மெத்தை நீங்க தைச்சதாம்மா?”

“ஆமா தம்பி.”

“ஐயோ, எங்களுக்குத் தெரியலைம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பவே பலகையில உங்க பேரை எழுதிடறேன். செய்தவர்னு போட்டு, தெளிவா எழுதிடறேன்.”

அண்ணி கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்தார். பெயர் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் அவரும் யோசித்திருப்பார். நானாக இருந்தால் சம்மதித்திருப்பேன்.

“பேரெல்லாம் வேணாம் தம்பி. நான் எதுக்குத் தைச்சேனோ அதுக்கு இருக்கட்டும். இவரை உக்கார வைங்க.”

கூடத்தில் அப்போது நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தொலைபேசியைக் கையில் எடுத்தார். எண்ணை அழுத்தவில்லை. நாற்காலியைப் பார்த்தார், அண்ணன் முழங்காலைப் பார்த்தார். தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டபோது முதல்முறையாக அவர் சட்டை கசங்கியது.

“நாற்காலி இங்கயே இருக்கணும்னுதான் மேல சொன்னாங்க. காலியா இருக்கணும்னு யாரும் சொல்லலை” என்றார். குனிந்து கயிற்றின் கொக்கியைத் தானே கழற்றினார்.

அண்ணன் அசையவில்லை. ஒரு கால் கயிறு இருந்த கோட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தம்பியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ பேரை இந்த நிலையில் உள்ளே கூப்பிட்ட மனிதர்.

அண்ணிக்கும் அந்தக் கால் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“உக்காருங்க” என்றார். “டிக்கெட் இல்ல.”

உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணி கீழே மண்டியிட்டு உறையை அவர் முழங்காலில் மாட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் படமெடுக்கக் கையைத் தூக்கினார். நான் பார்த்த பார்வையில் இறக்கிக்கொண்டார்.

கேமரா அறைப் பேச்சு அதோடு நின்றது. மேலிடம் பிறகு ஒருநாள் வந்து, உட்கார்ந்திருக்கிற அண்ணனையும் பலகையையும் பார்த்துவிட்டு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டது. பலகையின் கடைசி வரியைத் தம்பி விடாப்பிடியாக மாற்றிவிட்டார். ‘மெத்தை: காவலரின் மனைவி’ என்று இருக்கிறது இப்போது. அதைப் படித்துவிட்டு அண்ணி, “பரவால்ல, அவருக்கு இருக்கறது ஒரு மனைவிதானே, குழப்பம் வராது” என்றார்.

வாரம் ஒருமுறை அவருக்குச் சலவைக்கூடத்தில் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். நேரே இங்கே வருவார். வாசலில் இப்போதெல்லாம் நிற்பதில்லை. பையை என்னிடம் தந்து டோக்கன் வாங்கிக்கொண்டு, அவசரக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலிக்குப் போவார். அண்ணன் எழுந்துகொள்வார். முதலில் சும்மா ஒரு நிமிஷம் என்றுதான் அண்ணி உட்காருவார். காலையிலிருந்து நின்ற உடம்பு, தலை சாய்ந்துவிடும்.

போன வாரமும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வந்த கூட்டம் ஒன்று, பத்திரிகையில் படித்துவிட்டு நாற்காலியைத் தேடி வந்தது. வாய் லேசாகத் திறந்தபடி அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தார். கூட்டம் நெருங்கியதும் ஓரடி முன்னால் வந்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். குரல் எப்போதையும்விடச் சன்னமாக இருந்தது.